ஒருங்கே திருத்தப்பெறும் வரைபடங்கள்

பெரியதொரு மருத்துவமனை கட்டப்பெறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் பொருட்டு வரையப்படும் வரைபடங்கள் எத்தனை இருக்கும் என்று நேயர்கள் எப்போதேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? சொந்த வீடு கட்டியவர்களுக்கு நாலைந்து தாள்கள் பழக்கமாகியிருக்கும். அடித்தளத்திற்கு ஒன்று, தூண்களுக்கு ஒன்று, மேல்தளத்திற்கு ஒன்று, நகராட்சியில் ஒப்புதல் பெறுவதற்கு ஒன்று, அவ்வளவே. பெரிய கட்டடத்திற்கோ பாலத்திற்கோ மின்நிலையத்திற்கோ தாள்கள் நூற்றுக்கணக்கில் பெருகும். ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. தூணின் கம்பி எங்கே வளைய வேண்டும், தண்ணீர்க் குழாய் எந்தச் சுவரில் நுழைய வேண்டும், மின்கம்பி எவ்வழியே செல்ல வேண்டும் என்பன எல்லாம் தனித்தனித் தாள்களில் வரையப்பட்டிருக்கும்.

இத்தாள்கள் ஒவ்வொன்றின் வலப்புறக் கீழ்மூலையிலும் கட்டமிட்ட பகுதி ஒன்று காணப்படும். தொழிலறிந்தோர் அதனை டைட்டில் பிளாக் என்பர். நாம் தலைப்புக் கட்டம் என்று கூறுவோம். பணியின் பெயர், உரிமையாளரின் பெயர், வரைபட எண், அளவு விகிதம், வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் ஆகியோரின் கையொப்பங்கள், திருத்தக் குறி, நாள் ஆகிய யாவும் அதனுள் அடங்கும். மதிப்பெண் பட்டியலில் மாணவனுடைய பெயரும் தேர்வு எண்ணும் தவறாக இருந்தால் உள்ளே இருக்கும் மதிப்பெண்களால் யாருக்குப் பயன்? வரைபடத்திற்கும் அதுவே நிலை.

இனி, பணி பாதியில் இருக்கும்போது உரிமையாளரின் பெயர் மாறுகிறது எனக் கொள்க. நிறுவனம் கைமாறலாம், ஊரின் பெயரே மாறலாம். 1996-ஆம் ஆண்டில் மெட்ராஸ் சென்னை ஆயிற்று அன்றோ? அப்படி ஒரு மாற்றம் வந்தால் 400 தாள்களிலும் அந்த ஒரு வரியைத் திருத்தியாக வேண்டும். வரைவாளர் ஒருவர் கணினியில் ஒரு கோப்பைத் திறந்து, உரிய இடத்தைத் தேடி, பெயரை மாற்றி, சேமித்து, மூடுவதற்கு 3 நிமிடம் எடுத்துக்கொள்வதாகக் கணக்கிட்டால், 400 கோப்புகளுக்கு 1,200 நிமிடங்கள், அதாவது 20 மணி நேரம் ஆகும். நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை எனில் இரண்டரை நாள். அவ்விரண்டரை நாளும் அவர் செய்வது ஒரே காரியம். முந்நூறாவது தாளில் அவர் கண் சோர்வதும் கை தவறுவதும் இயல்பே. ஒரே சொல்லை நூறு முறை எழுதுமாறு மாணவனுக்குத் தண்டனை கொடுத்த பழைய நாளில், எண்பதாவது வரிக்குமேல் அச்சொல்லில் புதிய பிழைகள் முளைப்பதை ஆசிரியர் எவரும் கண்டிருப்பர்.

இத்தகைய வேலையைக் கணினியிடமே ஒப்படைத்து, தொகுதி முழுவதையும் ஒரே ஓட்டத்தில் திருத்தச் செய்யும் முறைக்குப் பேட்ச் பிராசசிங் என்று பெயர். தமிழில் தொகுதிச் செயலாக்கம் எனலாம். இச்சொல் துளையிட்ட அட்டைகளின் காலத்திலிருந்து வந்தது. அக்காலத்துக் கணினிகள் ஓர் அறையை அடைத்துக்கொண்டு நின்றன. அவற்றின் நேரமோ விலைமதிப்பற்றது. ஆகவே ஒவ்வொருவரும் எந்திரத்தின்முன் அமர்ந்து வேலை செய்வதற்கு மாறாக, தத்தம் வேலையை அட்டைகளில் துளையிட்டுக் கொடுத்துவிட்டுச் செல்வர். அலுவலர் அவற்றைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து எந்திரத்தினுள் இடுவார். நெல்லை மூட்டை மூட்டையாக அரைவை ஆலைக்கு அனுப்புவதைப் போன்றது அது. எந்திரம் ஓடத் தொடங்கியபின் மனிதன் குறுக்கிடுவதில்லை. இன்று அட்டைகள் மறைந்துவிட்டன. மனிதர் குறுக்கிடாமல் கட்டு முழுவதும் ஒரே மூச்சில் ஓடும் அம்முறை மட்டும் நிலைத்திருக்கிறது.

வரைபடங்கள் கணினிக்கு வந்த வரலாற்றையும் சிறிது பார்ப்போம். முன்னர் வரைவாளர்கள் டிரேசிங் தாளில் மையால் வரைந்தனர். அதிலிருந்து படியெடுக்க, ஜான் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அறிஞர் 1842-ஆம் ஆண்டில் கண்டறிந்த நீலப்படி முறை நெடுங்காலம் பயன்பட்டது. நீலத் தளத்தில் வெள்ளைக் கோடுகள் தோன்றும் அப்படிகளே புளூபிரிண்ட் என்னும் சொல்லுக்குப் பிறப்பிடம். பின்னர் அம்மோனியா பிரிண்ட் வந்தது. அதன் காரமான வாடை வரைவுக்கூடங்களில் பணியாற்றியவர்களுக்கு இன்னும் மறந்திராது. அந்நாளில் திருத்தம் என்றால் சவர அலகால் மையைச் சுரண்டி எடுத்து, அவ்விடத்தைத் தேய்த்து மெழுகி, மேலே மீண்டும் எழுத வேண்டும். ஒரே இடத்தை மூன்று முறை சுரண்டினால் தாள் ஓட்டையாகும்.

1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து மாணவராயிருந்த ஐவன் சதர்லாண்ட் என்பார், ஸ்கெட்ச்பேட் என்னும் ஏற்பாட்டைத் தம் ஆய்வுரையில் வெளியிட்டார். திரையின்மேல் ஒளிப்பேனாவை வைத்துக் கோடு வரையலாம். அதைவிட வியப்பான ஒன்று அதில் இருந்தது. ஓர் உருவத்தை மூலப்படமாக ஒருமுறை வரைந்துவிட்டால், அதன் நேர்ப்பிரதிகளை வேண்டிய இடங்களிலெல்லாம் வைக்கலாம். மூலத்தில் ஒரு கோட்டை மாற்றினால் பிரதிகள் அனைத்திலும் அக்கோடு தானே மாறிவிடும். இச்செய்தியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதற்கு மீண்டும் வருவேன்.

1982-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஜான் வாக்கர் என்பாரும் அவர் நண்பர்களும் ஆட்டோடெஸ்க் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். அவ்வாண்டின் இறுதியில் அவர்கள் வெளியிட்ட ஆட்டோகேட் என்னும் மென்பொருள் மேசைக் கணினியிலேயே இயங்கியது. நம் நாட்டு வரைவுக்கூடங்களிலும் அதுவே பரவியது. ஆகவே அதனை எடுத்துக்காட்டாகக் கொண்டே மேலே செல்வோம்; பிற மென்பொருள்களிலும் அடிப்படை ஏறக்குறைய இதுவே.

ஆட்டோகேட்டில் செய்யும் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு கட்டளைச் சொல் உண்டு. கோடு வரைய ஒன்று, அழிக்க ஒன்று, சேமிக்க ஒன்று. வரைவாளர் விசைப்பலகையில் தட்டும் அதே சொற்களை, தட்டும் அதே வரிசையில், சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்றில் எழுதி வைத்தால் அதுவே ஸ்கிரிப்ட் எனப்படும். பயன்படாதனவற்றை நீக்கு, தலைப்புக் கட்டத்தில் இன்ன பெயரை இன்ன பெயராக மாற்று, படம் முழுவதும் தெரியுமாறு காட்டு, சேமி என்று நான்கைந்து வரிகளில் முடிந்துவிடும். ஒரு வரைபடத்தைத் திறந்து இக்கோப்பை ஓட்டினால், கண்ணுக்குத் தெரியாத வரைவாளர் ஒருவர் அமர்ந்து தட்டுவதுபோலக் கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறும்.

இந்த எழுத்துக் கோப்பில் ஒரு நுட்பம் உண்டு. இலக்கணம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது. பிற எழுத்தில் இரு சொற்களுக்கு இடையே ஓர் இடைவெளி கூடுதலாக விழுந்தால் யாரும் பொருட்படுத்துவதில்லை. ஸ்கிரிப்டில் ஒவ்வோர் இடைவெளியும் என்டர் விசையை ஒருமுறை அழுத்துவதற்குச் சமம். வரியின் இறுதியில் கண்ணுக்குத் தெரியாமல் ஓர் இடைவெளி கூடுதலாக இருந்தால், மென்பொருள் சற்றுமுன் செய்த கட்டளையையே மறுமுறை தொடங்கிவிடும். அதன்பின் வரும் சொற்கள் எல்லாம் பொருந்தாத கேள்விகளுக்கு விடைகளாகப் போய் விழும். அரைப்புள்ளியில் தொடங்கும் வரியை மட்டும் மென்பொருள் படிக்காது கடந்துவிடும். அறிந்தவர்கள் அவ்வரிகளில், இதனை எழுதியது யார், எந்நாளில், எதற்காக என்று குறித்து வைப்பர். அறியாதவர்கள் அவ்வாறு குறிப்பதில்லை. ஆறு மாதம் கழித்துத் தாம் எழுதியதே தமக்கு விளங்காமல் திகைப்பர்.

மற்றொரு நுட்பமும் உண்டு. கட்டளைகள் பல, திரையில் ஒரு பெட்டியைக் காட்டி, எதை வேண்டுகிறீர் என்று மனிதரைக் கேட்கும். மனிதர் இல்லாத ஓட்டத்தில் யார் விடையளிப்பது? எந்திரம் அப்படியே நின்றுவிடும். ஆகவே அத்தகைய கட்டளைகள் பலவற்றின் முன்னே ஒரு சிறு கோட்டைச் சேர்த்து எழுதுவர். அப்போது பெட்டி தோன்றாது. கேள்விகள் எழுத்து வடிவில் வரும். ஸ்கிரிப்டில் உள்ள சொற்களே விடையாகும்.

ஒரு வரைபடத்திற்குச் செய்ததை 400 வரைபடங்களுக்குச் செய்வது எங்ஙனம்? கோப்புறையில் உள்ள வரைபடங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும் பணியை விண்டோஸ் இயக்க முறையின் சிறியதொரு பேட்ச் கோப்பு செய்துவிடும். ஆட்டோகேட்டின் 2013-ஆம் பதிப்பு முதல் கோர் கன்சோல் என்னும் துணைப் பொறியும் உடன் வருகிறது. அது படத்தைத் திரையில் காட்டாமலே கோப்பைத் திறந்து, ஸ்கிரிப்டை நிறைவேற்றி, மூடிவிடும். திரையைச் சார்ந்த கட்டளைகள் சில அதில் இயங்கா. மற்றபடி, படம் காட்டும் பாரம் இல்லாமையால் அது மிக விரைவாக ஓடும். கோப்பு ஒன்றுக்கு 5 நொடி என்று கொண்டால் 400 கோப்புகளும் ஏறத்தாழ 33 நிமிடத்தில் முடிந்துவிடும். இரண்டரை நாளும் 33 நிமிடமும்! நிபந்தனைகளை ஆராய்ந்து செய்யவேண்டிய சிக்கலான வேலை எனில், ஆட்டோலிஸ்ப் என்னும் மொழியில் சிறு நிரல் எழுதி இணைப்பர். இந்தப் பெயர் இருந்தால் இதைச் செய், இல்லையேல் விட்டுவிடு என்று அதற்குச் சொல்ல முடியும். வெறும் ஸ்கிரிப்டுக்கு அந்தப் பகுத்தறிவு கிடையாது.

இதுவரை கேட்ட நேயர்கள், இனி வரைவுக்கூடத்தில் துன்பமே இல்லை என்று எண்ணலாம். ஆனால் இப்பேச்சின் முதன்மையான பகுதியே இனித்தான் வருகிறது. மனிதர் தவறு செய்தால் ஒரு தாளில் செய்வார்; மறு தாளில் விழித்துக்கொள்வார். எந்திரம் தவறான கட்டளையையும் சரியான கட்டளையைப் போலவே 400 தாள்களிலும் ஒரே முகத்தோடு நிறைவேற்றும். ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குகிறேன்.

கான்கிரீட்டின் வலிமையைக் குறிக்க எம்20, எம்25, எம்30 என்னும் குறியீடுகள் நம் நாட்டில் வழங்குகின்றன. எம்20 என்றால், 150 மில்லிமீட்டர் கனசதுரக் கட்டியாக வார்த்து 28 நாள் கழித்துச் சோதிக்கையில், சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் வலிமை எதிர்பார்க்கப்படும் கான்கிரீட் ஆகும். ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தர விதித்தொகுப்பு 1978-ஆம் ஆண்டுப் பதிப்பில், கம்பியிட்ட கான்கிரீட்டுக்கு எம்15-க்குக் குறையலாகாது என்றது. 2000-ஆம் ஆண்டில் வந்த திருத்தப் பதிப்போ, சுற்றுச்சூழலின் கடுமைக்கேற்ப வரம்பை உயர்த்திற்று. மென்மையான சூழலுக்கு எம்20, நடுத்தரச் சூழலுக்கு எம்25, கடற்கரைச் சூழல் போன்ற கடுமையான நிலைக்கு எம்30 என்று அது வகுத்தது. இவ்வாறு விதி மாறும்போதும், கட்டடம் எழும் இடம் மாறும்போதும், வரைபடக் குறிப்புகள் மாறியாக வேண்டும்.

உள்நாட்டு ஊர் ஒன்றிற்கென ஆயத்தம் செய்த தொழிற்கூட வரைபடங்களைக் கடலோர ஊர் ஒன்றில் பயன்படுத்த எண்ணுகிறார்கள் என்று கொள்வோம். பொறியாளர் கணக்கிட்டு, எம்20 கான்கிரீட்டை எம்30 ஆக்குக என்று முடிவு செய்கிறார். வரைவாளர், எம்20 என்று வருமிடங்களில் எல்லாம் எம்30 என்று மாற்றுமாறு கட்டளை எழுதி, தொகுதி முழுவதையும் ஓட்டிவிடுகிறார். 33 நிமிடத்தில் வேலை முடிகிறது. அவர் மறந்தது ஒன்றுண்டு. எஃகுத் தூண்களை இணைக்கும் போல்ட்டுகளுக்கும் எம்20 என்றே பெயர்! அங்கே எம்20 என்பது 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள மரையாணி. கான்கிரீட்டுக்கும் அதற்கும் பெயரொற்றுமை தவிர வேறு உறவில்லை. கட்டளையோ இரண்டையும் வேறுபடுத்தி அறியவில்லை. போல்ட்டுகளையும் எம்30 ஆக்கிவிட்டது.

இதில் அஞ்சத்தக்கது யாதெனில், பார்ப்பவர் கண்ணுக்கு அது பிழையாகவே தோன்றாது. எம்25 என்று மாறியிருந்தால் கடைக்காரர் நகைத்திருப்பார். அந்த அளவில் போல்ட் வழக்கில் இல்லை, எம்24 தான் உண்டு. எம்30 போல்ட்டோ கடையில் கிடைக்கும் பண்டம். வாங்கி வந்துவிடுவார்கள். எம்20 போல்ட்டுக்கென 22 மில்லிமீட்டர் துளையிட்ட தகடுகள் பட்டறையிலிருந்து வந்து இறங்கும். 22 மில்லிமீட்டர் துளையில் 30 மில்லிமீட்டர் ஆணி நுழையுமா? பாரந்தூக்கி காத்து நிற்கும். தொழிலாளர் காத்து நிற்பர். களத்திலேயே துளையை நெருப்பால் அகற்றிக்கொள்ளலாம் என்று எவரேனும் துணிந்தால், தகட்டின் விளிம்பில் எஞ்சும் எஃகு குறைந்து இணைப்பே வலுவிழக்கக்கூடும். இத்தனைக்கும் காரணம் அலுவலகத்தில் அரைமணி நேரத்தில் ஓடிய ஒரு வரிக் கட்டளை.

ஆகவே, மாற்றவேண்டிய சொல்லை எவ்வளவு நீளமாகவும் ஐயமறவும் குறிக்க இயலுமோ அவ்வளவு குறிக்க வேண்டும். எம்20 என்று மட்டும் தேடாமல், எம்20 கான்கிரீட் என்று தேடுதல் நன்று. எந்த லேயரில், அதாவது வரைபடத்தின் எந்த அடுக்கில், தேட வேண்டும் என்று வரையறுப்பது இன்னும் நன்று. கான்கிரீட் குறிப்புகள் ஓர் அடுக்கிலும் எஃகுக் குறிப்புகள் வேறோர் அடுக்கிலும் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால் இது எளிது. வரைபவர்கள் கண்டபடி எழுதி வைத்திருந்தால் எந்தக் கட்டளையாலும் பயன் விளையாது.

அளவுக்கு மீறி மாற்றுவது ஒரு குற்றமானால், மாற்றவேண்டியதை விட்டுவிடுவது மற்றொரு குற்றம். பத்தியாக எழுதப்பட்ட குறிப்புகளில், எழுத்தைத் தடிப்பாக்கும் குறியீடுகள் சொல்லின் நடுவிலேயே மறைந்து கிடக்கும். நம் கண்ணுக்கு ஒரே சொல்லாகத் தெரிவது எந்திரத்துக்கு இரண்டு துண்டுகளாகத் தெரியும். அது கண்டுகொள்ளாமல் சென்றுவிடும். பழைய தாளை ஒளிப்படமாக எடுத்து உள்ளே ஒட்டியிருந்தால் அதில் எழுத்தே இல்லை, நிழல்தான் உண்டு. அளவுக் கோடுகளில் ஏமாற்றம் இன்னும் பெரிது. சுவரின் நீளத்தை மாற்றினால் அதன் மேலுள்ள அளவெண் தானே மாற வேண்டும், அதுவே இயல்பு. ஆனால் முன்னர் யாரோ அவசரத்தில் உண்மை அளவுக்குப் பதிலாக 3,000 என்று கையால் தட்டி வைத்திருந்தால், சுவர் 3,200 ஆனபின்னும் தாள் 3,000 என்றே கூறிக்கொண்டிருக்கும். கொத்தனார் தாளிலுள்ள எண்ணைத்தான் நம்புவார்.

இனி, ஓட்டம் தொடங்குமுன்னும் முடிந்தபின்னும் செய்யவேண்டியவற்றைப் பார்ப்போம். முதலில், முழுத் தொகுதியையும் வேறோர் இடத்தில் படியெடுத்து வைத்தல் வேண்டும். ஆட்டோகேட் சேமிக்கும்போதெல்லாம் முந்தைய நிலையைத் துணைக்கோப்பாக வைத்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆயினும் அது ஒரு படி முந்தைய நிலையை மட்டுமே வைத்துக்கொள்ளும். தவறான ஓட்டத்தைச் சரிசெய்ய மறுமுறை ஓட்டினால், அந்த மறு ஓட்டம் நல்ல படியை அழித்து, கெட்ட படியை அவ்விடத்தில் வைத்துவிடும். இதனை நம்பி இருந்துவிடலாகாது.

அடுத்து, 400 கோப்புகளிலிருந்து ஐந்தாறைப் பொறுக்கி எடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். எல்லாரும் செய்வது முதல் ஐந்தை எடுப்பது, அது போதாது. கான்கிரீட் ஒன்று, எஃகு ஒன்று, மின்சாரம் ஒன்று, பழைய வரைவாளர் வரைந்தது ஒன்று, வெளி நிறுவனத்திலிருந்து வந்தது ஒன்று என்று வகைக்கு ஒன்றாக எடுத்தால் தான் மேற்சொன்ன போல்ட்டு போன்ற செய்தி வெளிப்படும். எஃகுத் தாள் ஒன்றே ஒன்றைச் சோதித்திருந்தால் அப்பிழை ஐந்து நிமிடத்தில் பிடிபட்டிருக்கும்.

பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியரின் சுற்றறிக்கையைப் பியூன் வகுப்பு வகுப்பாக எடுத்துச் செல்வார். ஒரு வகுப்பில் ஆசிரியர் இல்லையெனில் அவர் அடுத்த வகுப்புக்குப் போய்விடுவார். எல்லா வகுப்புக்கும் போய்வந்துவிட்டேன் என்று அவர் சொல்வதும் பொய்யன்று. கையொப்பப் பட்டியலைப் பார்த்தால்தான் விடுபட்ட வகுப்பு எது என்று தெரியும். தொகுதிச் செயலாக்கத்திலும் இவ்வாறே. ஒரு கோப்பை அப்போது வேறொருவர் தம் கணினியில் திறந்து வைத்திருந்தால் அது பூட்டப்பட்டிருக்கும். படிக்கலாம், அதன்மேல் எழுத இயலாது. எந்திரம் அதனை விட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்லும். திரையில் வேலை முடிந்தது என்றே தோன்றும். ஆகவே ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வரி வீதம், எது திறந்தது, எத்தனை இடங்களில் மாற்றம் நிகழ்ந்தது, சேமிக்கப்பட்டதா என்று எழுதி வைக்குமாறு நிரலை அமைத்துக்கொள்ள வேண்டும். 400 என்று எதிர்பார்த்த இடத்தில் 397 என்று இருந்தால் அந்த மூன்றையும் தேடிப் பிடிக்க வேண்டும். ஒரு தாளில் ஒரு மாற்றமே எதிர்பார்க்கையில் 14 மாற்றங்கள் என்று பதிவாகியிருந்தால், அத்தாளைத் திறந்து கண்ணால் பார்க்காமல் அடுத்த வேலைக்குச் செல்லலாகாது.

கோப்பின் வடிவத்தையும் கவனிக்க வேண்டும். ஆட்டோகேட் கோப்பு வடிவம் 2013-ஆம் பதிப்பிலும் 2018-ஆம் பதிப்பிலும் மாறியது. புதிய பதிப்பில் திறந்து, சேமிக்கும் வடிவத்தைக் குறிக்காமல் தொகுதியை ஓட்டினால், பழைய கோப்புகள் புதிய வடிவத்தில் எழுதப்பட்டுவிடக்கூடும். மறுநாள் காலையில், பழைய பதிப்பை வைத்திருக்கும் துணை ஒப்பந்தக்காரரால் ஒரு தாளைக்கூடத் திறக்க இயலாது.

வரைபடங்கள் ஒன்றோடொன்று இசையாதபோது எவ்வளவு பெரிய நிறுவனமும் தடுமாறும் என்பதற்கு ஏர்பஸ் நிறுவனத்தின் ஏ380 வானூர்தி சான்று. அதன் பகுதிகள் பல நாடுகளில் செய்யப்பட்டன. ஜெர்மனியில் ஹாம்பர்க்கில் இருந்தவர்கள் கேட்டியா என்னும் வரைபட மென்பொருளின் நான்காம் பதிப்பிலும், பிரான்சில் துலூஸ் நகரில் இருந்தவர்கள் ஐந்தாம் பதிப்பிலும் பணிபுரிந்தனர். ஓரிடத்தில் செய்த திருத்தம் மற்றோரிடத்து வரைபடத்திற்கு ஒழுங்காக வந்து சேரவில்லை. ஹாம்பர்க்கிலிருந்து வந்த மின்கம்பிக் கட்டுகள் துலூசில் வானூர்திக்குள் பொருத்தும்போது நீளம் போதாமல் நின்றன. 2006-ஆம் ஆண்டில் தாமதத்திற்கு மேல் தாமதம் அறிவிக்கப்பட்டது. உயர் அதிகாரிகள் பதவி விலகினர். முதல் வானூர்தி, திட்டமிட்டதற்கு ஏறத்தாழ இரண்டாண்டு பிந்தி, 2007 அக்டோபரில் சிங்கப்பூர் ஏர்லைன்சுக்கு வழங்கப்பட்டது.

இங்கேதான் முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன சதர்லாண்டின் மூலப்படத்திற்கு வருகிறேன். உரிமையாளரின் பெயரை 400 தாள்களிலும் 400 முறை எழுதி வைத்தது ஏன்? ஓரிடத்தில் எழுதி, மற்றைத் தாள்கள் யாவும் அதனைப் பார்த்துக்கொள்ளுமாறு அமைத்திருந்தால், மாற்றவேண்டியது ஓரிடம் மட்டுமே அன்றோ? இவ்வசதி ஆட்டோகேட்டில் உண்டு. எக்ஸ்ரெஃப் என்னும் முறையில், தூண்களின் இருப்பிடத்தைக் காட்டும் படம் தனிக் கோப்பாக இருக்கும். மின்சாரத் தாள், குழாய்த் தாள், மேற்கூரைத் தாள் யாவும் அதனை அடியில் விரித்துக்கொண்டு தத்தம் செய்தியை மேலே வரையும். தூண் ஒன்று நகர்ந்தால் மூலக் கோப்பில் நகர்த்தினால் போதும். மற்றவை அடுத்த முறை திறக்கும்போது புதிய இடத்தையே காட்டும். பணியின் பெயர் போன்றவற்றுக்கு, 2005-ஆம் பதிப்பில் வந்த ஷீட் செட் என்னும் ஏற்பாடு உதவும். பெயர் ஓரிடத்தில் இருக்கும். தலைப்புக் கட்டங்கள் அதனைக் கேட்டுப் பெறும்.

தொகுதியாகத் திருத்துவதில் திறமை பெற்ற வரைவாளரைக் காட்டிலும், அத்தகைய தேவையே நேராதபடி முதல் நாளிலேயே ஒழுங்கு செய்யும் வரைவாளரை நான் மேலாகக் கருதுவேன். எனினும் அவருக்கும் தொகுதிச் செயலாக்கம் வேண்டியே இருக்கும். மூலக் கோப்பு இருக்கும் கணினியின் பெயரோ கோப்புறையின் பெயரோ மாறினால், 400 தாள்களும் தம் மூலத்தைக் காணாமல் வெறுமையாக நிற்கும். ஒவ்வொரு தாளிலும் எழுதப்பட்டிருக்கும் அந்த முகவரியை மாற்ற, ரெஃபரன்ஸ் மேனேஜர் என்னும் தனிக்கருவியையே ஆட்டோடெஸ்க் உடன் வழங்குகிறது. முன்னோர் விட்டுச்சென்ற பழைய வரைபடங்களோ எவ்வகை ஒழுங்குக்கும் உட்படாமல் கிடக்கும். அவற்றை ஒழுங்குக்குள் கொண்டுவருவதே பல அலுவலகங்களில் முதல் தொகுதி வேலையாக இருக்கிறது.

இறுதியாக, ஒப்புதல் பெற்று வெளியான வரைபடத்தைப் பற்றிக் கூறவேண்டும். அது கையொப்பமிட்ட சான்றிதழ் போன்றது. தேர்வு முடிவு வெளியான பிறகு பதிவேட்டில் ஓர் எண்ணை யாரும் அறியாமல் திருத்தினால், அத்திருத்தம் சரியானதாகவே இருந்தாலும் குற்றமே. வெளியான வரைபடத்தைத் தொட்டால் அதன் திருத்தக் குறி ஏ என்பது பி ஆக வேண்டும். என்ன மாறியது, எந்நாளில், யார் ஒப்புதலால் என்பது திருத்தப் பட்டியலில் ஏற வேண்டும். இவ்வரியையும் தொகுதி ஓட்டமே சேர்த்துவிடும். அதற்கெனக் கட்டளையில் இரண்டு வரி கூடும். ஆனால் ஒப்புதல் அளித்தவரின் பெயரை எந்திரமே நிரப்பும்படி விட்டுவிடலாகாது. சிலர் நேரத்தை மிச்சப்படுத்த அப்படியும் செய்வதாகக் கேள்விப்படுகிறேன். 400 தாள்களில் தம் பெயர் ஏறியிருப்பதை அப்பொறியாளர் அறியமாட்டார். போல்ட்டு துளையில் நுழையாத நாளில்தான் அறிவார்.

திருத்திய கோப்புகளைப் பி.டி.எஃப். வடிவில் அச்சிட்டு அனுப்பியதோடும் வேலை முடிவதில்லை. கட்டடக் களத்தில், தகரக் கொட்டகையின் சுவரில், பழைய தாள் ஒட்டப்பட்டிருக்கும். மேஸ்திரியின் சட்டைப்பையில் ஒன்று நான்காக மடிந்து கிடக்கும். கம்பி வளைப்பவர் தம் மேசையின்மேல் ஒன்றை விரித்து, மூலைகளில் கல் வைத்திருப்பார். அங்கெல்லாம் கணினியின் கட்டளை எட்டாது. எத்தனை படிகள் யார் யாருக்கு வழங்கப்பட்டன என்ற பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருவர் நேரில் சென்று, பழைய தாளைத் திரும்பப் பெற்று, வழக்கொழிந்தது என்று முத்திரையிட்டு, புதியதைக் கொடுத்துக் கையொப்பம் வாங்கிவர வேண்டும்.